இரண்டு லட்சத்து நாற்பத்தாறாயிரம்

கலையரசன் இறந்து மூன்று மாதம் கழித்து அவருடைய மனைவி ஜோதி என் அலுவலகத்தின் மாடிப்படி ஏறி வந்தார். பாலக்கரையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே இருக்கிறது என் அறை. ஒரு மேசை, இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பீரோ, அவ்வளவுதான் கொள்ளும். படி செங்குத்து என்பதால் மேலே வருகிறவர்கள் எல்லோருமே கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் மூச்சு வாங்குவார்கள். ஜோதியும் அப்படி நின்றார். எடமலைப்பட்டி புதூரில் துக்கம் கேட்கப் போன அன்று அவரை நான் பார்த்திருந்தேன். அன்று அவர் யாரையும் பார்க்கிற நிலையில் இல்லை. "ஷாஜியா மேடம் நீங்கதானே?" என்று கேட்டு உறுதி செய்துகொண்டு உட்கார்ந்தார். விபத்து வழக்குக்காக மூன்று வருஷத்து இன்கம்டாக்ஸ் ரிட்டர்ன் நகல் வேண்டும் என்று வக்கீல் சொல்லி அனுப்பியிருந்தார்.

நான் ஆடிட்டர் இல்லை. பி.காம். முடித்து ஓர் ஆடிட்டரிடம் பதினோரு வருஷம் வேலை பார்த்துவிட்டு, பிறகு தனியாக இந்த அறையைப் பிடித்தவள். கடைக்காரர்களுக்கு ஜிஎஸ்டி, மற்றவர்களுக்கு வருமான வரி ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கிறேன். ஆனாலும் இந்தத் தெருவில் எல்லோருக்கும் நான் ஆடிட்டரம்மாதான். கலையரசன் மட்டும் மேடம் என்பார். மதுரை ரோடு பக்கம் வீட்டு மனை, ஸ்ரீரங்கத்தில் அபார்ட்மென்ட், ஊரெங்கும் வாடகை வீடு என்று எல்லாவற்றுக்கும் புரோக்கர் அவர். ஒரு மனைக் கம்பெனி அவருக்குக் கொடுத்த கமிஷனில் வரி பிடித்துவிட்டது. அதைத் திரும்ப வாங்க வழி உண்டா என்று கேட்டுத்தான் முதலில் வந்தார். அதற்கப்புறம் ஆறு வருஷம், ஆறு ஜூலை.

ஒவ்வொரு ஜூலையிலும் ஒரு பிளாஸ்டிக் கவர் நிறைய பெட்ரோல் பில்லும் அந்த வருஷத்து டைரியும் கொண்டுவருவார். பில்களில் பாதி எழுத்து வெளுத்துப் போயிருக்கும். கூடவே தொட்டியத்திலிருந்து ஒரு சீப்பு பூவன் பழம். அவருடைய சொந்த ஊர் அது, அம்மா அங்கேதான் இருந்தார். டைரியைப் பிரித்து வரவை ஒன்றுவிடாமல் வாசிப்பார். என்னிடம் அவர் ஒரு ரூபாய்கூட மறைத்ததில்லை. செலவு என்று கேட்டால்தான் கணக்கு வராது, கதை வரும். ஓர் அம்மாவுக்கு முழங்கால் வலி என்று ஆட்டோ வைத்து ஒன்பது வீடு காட்டியது, அந்த அம்மா பத்தாவது வீட்டை வேறு ஆள் மூலம் பிடித்துக்கொண்டது. துறையூரிலிருந்து வந்த ஒரு நர்ஸுக்கு வீடு பார்த்துக் கொடுத்து, வீட்டுக்காரர் நாலே மாதத்தில் காலி செய்யச் சொன்னதும், வாங்கிய கமிஷனைத் தானே திருப்பிக் கொடுத்தது. "இதெல்லாம் எதுல வரும் மேடம்?" என்பார். எதிலும் வராது என்பேன். சிரித்துக்கொண்டே அடுத்த பக்கத்தைப் புரட்டுவார்.

கமிஷன் தொழிலுக்கு, வந்ததில் இத்தனை சதவீதம் லாபம் என்று பொத்தாம் பொதுவாகக் காட்டிவிடும் வசதி சட்டத்தில் கிடையாது. வரவு இவ்வளவு, செலவு இன்னின்னது, மிச்சம் இவ்வளவு என்று எழுதியாக வேண்டும். அந்தச் செலவுப் பட்டியலில்தான் என் கைத்திறமை இருந்தது. ரொக்கமாக வந்ததைச் சேர்க்க மாட்டேன். பேங்க்கில் வந்ததற்கு எதிராக ஆபீஸ் வாடகை, உதவியாளர் சம்பளம், விளம்பரம் என்று எழுதுவேன். அவருக்கு ஆபீஸ் கிடையாது. எடமலைப்பட்டி புதூர் பஸ் ஸ்டாப் பக்கம் ஒரு டீக்கடை வாசலில் நிற்பார். உதவியாளரும் கிடையாது. ஆட்டோவுக்கும் நர்ஸுக்கும் அவர் உண்மையில் செலவழித்தது ஒன்றும் கணக்கில் இல்லை. கணக்கில் இருந்த செலவு ஒன்றையும் அவர் செய்யவில்லை. இதை நான் தப்பு என்றே நினைத்ததில்லை. குறைத்துப் போடத் தெரிந்தவள் என்றுதான் என்னைத் தேடி ஆட்கள் வந்தார்கள்.

முதல் நான்கு வருஷம் வரி வராத அளவுக்குத்தான் குறைத்தோம். மகள் யமுனா பத்தாவது முடித்த வருஷம் இன்னும் கீழே இறக்கச் சொன்னார். காலேஜில் சேரும்போது ஸ்காலர்ஷிப் கேட்கலாம், அதற்குக் குடும்ப வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும், ரிட்டர்னும் அதையேதான் சொல்ல வேண்டும் என்று விசாரித்து வைத்திருந்தார். அவ்வளவு குறைத்தால் நாளைக்கு வீட்டுக் கடன் கேட்டால் கிடைக்காது என்று சொன்னேன்.

"பொண்ணு படிச்சிட்டா போதும் மேடம்" என்றார். "எனக்கு எதுக்குக் கணக்குல பெருமை?"

கடைசி வருஷம் டைரிப்படி அவருக்கு எல்லாம் போக நின்றது ஏழு லட்சத்து இருபதாயிரம். நான் காட்டியது இரண்டு லட்சத்து நாற்பத்தாறாயிரம். ரிட்டர்ன் போட்டு முடிந்ததும் அவர் போனுக்கு ஓடிபி வந்தது. வாய்ப்பாடு ஒப்பிக்கிற பையனைப் போல் ஒவ்வொரு எண்ணாக உரக்கச் சொன்னார். அப்புறம் வழக்கம்போல அந்த டைரியைக் கிழித்து என் குப்பைக்கூடையில் போட்டார். அப்படிச் செய்யச் சொல்லிக் கொடுத்தது நான்தான்.

பங்குனியில் ஒரு நாள் துறையூரில் ஓர் இடம் பார்த்துவிட்டு பைக்கில் திரும்பியபோது, மண்ணச்சநல்லூர் தாண்டி, பின்னால் வந்த லாரி அவரை அடித்துவிட்டது. நாற்பத்து நான்கு வயது. அந்த வருஷத்து டைரி அவருடைய தோள்பையில் இருந்தது. பை கிடைக்கவே இல்லை.

நகல்களை அச்செடுத்து ஜோதியிடம் கொடுத்தேன். ஆங்கிலத்தில் இருந்ததைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்துவிட்டு, இதில் வருமானம் எவ்வளவு போட்டிருக்கிறது என்று கேட்டார். சொன்னேன். அவர் மனதுக்குள் பன்னிரண்டால் வகுப்பது முகத்தில் தெரிந்தது.

"மாசம் வீட்டுச் செலவுக்கே நாப்பதாயிரம் குடுப்பாரே" என்றார். குற்றம் சொல்லும் குரல் இல்லை. ஏதோ தட்டச்சுப் பிழை இருக்கிறது, நான் திருத்திவிடுவேன் என்று எதிர்பார்க்கிற குரல்.

அடுத்த வாரம் வக்கீல் செபஸ்தியான் என்னையும் ஜோதியையும் நேரில் வரச் சொன்னார். விபத்து வழக்குகள் மட்டுமே நடத்துகிறவர், தலை நரைத்த நிதானமான மனிதர். ஒரு தாளில் இரண்டு தொகைகளை எழுதி எங்கள் இருவர் பக்கமும் திருப்பி வைத்தார். ரிட்டர்னில் உள்ள வருமானத்தை வைத்தால் இழப்பீடு இருபத்தெட்டு லட்சத்துச் சொச்சம். உண்மை வருமானத்தை வைத்தால் எண்பது லட்சத்துக்கு மேல். இறந்தவருடைய வயது, குடும்பத்தில் எத்தனை பேர் என்பதெல்லாம் இரண்டுக்கும் ஒன்றுதான், மாறுவது நீங்கள் எழுதிய அந்த ஒரு வரிதான் என்று என்னைப் பார்த்துச் சொன்னார். கோர்ட் ரிட்டர்னைத் தாண்டிப் போக வேண்டுமென்றால் கமிஷன் கொடுத்தவர்கள் வந்து சாட்சி சொல்ல வேண்டும். "இல்லேன்னா" என்று நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "குறைச்சு எழுதினவங்க வந்து சொல்லணும். அதை நான் கேக்க மாட்டேன்மா. உங்க பொழப்பு அது."

முதலில் கமிஷன் கொடுத்தவர்களைத் தேடினோம். ஜோதியை என் ஸ்கூட்டியில் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு ஐந்தாறு ஞாயிற்றுக்கிழமை அலைந்தேன். உறையூரில் ஒருவர் வீட்டுக்குள்ளிருந்தே இல்லை என்று சொல்லி அனுப்பினார். துபாயில் இருக்கும் ஜமால் என்பவர் முதல் தடவை நன்றாகப் பேசினார், விஷயத்தைச் சொன்ன பிறகு போனை எடுக்கவில்லை. எனக்கு நம்பிக்கை இருந்தது ஸ்ரீரங்கத்துப் பீமராவ் மேல்தான். பேங்க்கில் இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா மண்டபம் ரோட்டில் மகனுக்காக ஒரு ஃபிளாட் வாங்கியபோது கலையரசனுக்கு ஒன்றரை லட்சம் ரொக்கமாகக் கொடுத்தவர். எங்களை உட்காரவைத்துக் காபி கொடுத்தார். கலையரசனைப் பற்றி அவராகவே நிறையச் சொன்னார். தண்ணீர் கசியும் வீட்டை வாங்க விடாமல் தடுத்தது, பத்திரப் பதிவு அன்று தன் மனைவிக்கு மயக்கம் வந்தபோது ஓடிப்போய் இளநீர் வாங்கி வந்தது. ஜோதி கேட்டுக்கொண்டே இருந்தார். பீமராவ் பேச்சை நிறுத்தியபோது, இன்னும் ஏதாவது சொல்வாரா என்பதுபோல அவர் முகத்தையே பார்த்தார்.

கமிஷன் கொடுத்ததாக ஒரு கடிதம் எழுதித் தர முடியுமா என்றதும் பீமராவ் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். "ரொம்ப நல்ல மனுஷர்ம்மா அவர். ஆனா பத்திரத்துல நாங்க போட்ட விலை வேற, குடுத்த விலை வேற. நான் இதை எழுதிக் குடுத்தா மீதி எங்கேர்ந்து வந்ததுன்னு என்னைன்னா கேப்பா?" என்றார். உள்ளே போய் ஒரு கவரில் ஐயாயிரம் ரூபாய் கொண்டுவந்து, குழந்தை படிப்புக்கு என்று நீட்டினார். ஜோதி வாங்கிக்கொள்ளவில்லை. கோபமாகவும் மறுக்கவில்லை. "இருக்கட்டும் சார், வரேன்" என்று செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார். திரும்பி வரும்போது காவிரிப் பாலத்தில் காற்று பலமாக இருந்தது. ஜோதி என் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பின்னால் திரும்பிப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

பீமராவை நான் குறை சொல்ல முடியாது. அவர் சொன்ன அதே காரணம்தான் எனக்கும் இருந்தது. என்னிடம் நூற்றுச் சொச்சம் பேர் கணக்குக் கொடுத்திருந்தார்கள். கோர்ட்டில் ஏறி, நான்தான் குறைத்து எழுதினேன் என்று சொன்னால் அதில் எத்தனை பேர் மிஞ்சுவார்கள்? வருமான வரி இலாகாவிலிருந்து என்னைக் கூப்பிட்டு என்ன கேட்பார்கள்? மகள் அல்ஷிஃபா ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள். என் கணவர் ஹாலித் ஷார்ஜாவிலிருந்து திரும்பி வந்து, பெரிய கடைவீதியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். வீட்டு வாடகையும் அல்ஷிஃபாவின் ஃபீஸும் என் வருமானத்திலிருந்துதான்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் ஜும்ஆ தொழுகை முடிந்து அவர் சாப்பிட வந்தபோது விஷயத்தைச் சொன்னேன். சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார். அந்தப் பெண்ணுக்காக அலைந்தது போதும், அதற்கு மேல் போக வேண்டியதில்லை என்பது அவர் கருத்து. இந்த ஊரில் எல்லா ஆடிட்டரும் செய்வதைத்தான் நீயும் செய்தாய், கேட்டது அவர், நீ எழுதிக் கொடுத்தாய் என்றார். பிறகு கையைக் கழுவிவிட்டு வந்து, குரலைத் தாழ்த்தி, "கோர்ட்டு ரெக்கார்டுல உன் பேரு ஏறிடும் ஷாஜியா. அதை யோசிச்சியா?" என்று கேட்டார்.

"அந்த மனுஷன் பேருக்கு நேரா நான் எழுதுனதுதானே இப்ப ஏறியிருக்கு" என்றேன்.

அவர் கடைக்குக் கிளம்பிப் போனார். மறுநாள் காலையில் ஜவுளிக்கடைக்குப் புறப்படும்போது, சாட்சி சொல்கிற நாள் எது என்று முன்கூட்டியே சொல், லீவு கேட்க வேண்டும் என்றார்.

தை மாதம் என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். செபஸ்தியான் கேட்டதற்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொன்னேன். ஆறு வருஷமாக எனக்கு அவரைத் தெரியும், டைரியை வாசிப்பார், கடைசி வருஷம் எல்லாச் செலவும் போக ஏழு லட்சத்து இருபதாயிரம், நான்தான் குறைத்துக் காட்டினேன். நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டு, நான் சொல்வது எனக்கே பாதகமாகலாம், தெரிந்துதான் சொல்கிறேனா என்று கேட்டார். தெரியும் என்றேன். அதைச் சொல்லும்போது நெஞ்சில் ஏதோ இறங்கி லேசானதுபோல இருந்தது. நல்ல காரியம் செய்துவிட்டேன் என்றுகூட நினைத்தேன். அது ஒரு பத்து நிமிடம்தான்.

இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல் இளைஞர். சத்தம் போடவில்லை, மிரட்டவில்லை. ரிட்டர்னைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகக் கேட்டார். ஆபீஸ் வாடகை முப்பத்தாறாயிரம், ஆபீஸ் எங்கே இருந்தது? ஆபீஸ் இல்லை. உதவியாளர் சம்பளம் அறுபதாயிரம், உதவியாளர் யார்? யாரும் இல்லை. இறந்த வருஷத்து டைரி எங்கே? இல்லை. முந்தைய வருஷத்து டைரிகள்? கிழித்துவிட்டோம். பக்கத்துப் பெஞ்சுகளில் தங்கள் முறைக்காகக் காத்திருந்தவர்களில் யாரோ சிரித்தார்கள். ஜோதியும் யமுனாவும் இரண்டாவது வரிசையில் இருந்தார்கள். யமுனாவை அன்றுதான் முதலில் சரியாகப் பார்த்தேன். அப்பாவின் அதே அகன்ற நெற்றி. கட்டடக் கலை படிக்க ஆசைப்பட்டவள், இப்போது ஊரிலேயே பி.எஸ்சி. கணிதம்.

கடைசியாக அந்த வக்கீல், ரிட்டர்ன் சரியானது என்று உறுதி செய்ய ஓடிபி வந்திருக்குமே, அதை யார் சொன்னது என்று கேட்டார். கலையரசன் என்றேன்.

"அப்போ இறந்தவர் தெரிஞ்சே பொய்யான வருமானத்தைக் காட்டியிருக்கார். சரிதானே?"

"எழுதினது நான்" என்றேன்.

"எழுதினது நீங்க. சரின்னு சொன்னது அவர். ஆமாவா, இல்லையா?"

செபஸ்தியான் தலையைக் குனிந்து காகிதத்தில் எதையோ தேடினார். நீதிபதி என் பதிலுக்காகப் பேனாவுடன் காத்திருந்தார். யமுனா நேராக என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா" என்றேன்.

தீர்ப்பு வரப் பத்து மாதம் ஆனது. இதற்கிடையில் பாலக்கரையில் விஷயம் பரவிவிட்டது. யாரும் என்னிடம் நேரில் எதுவும் கேட்கவில்லை. ஒரு மெஸ்காரர் வந்து, மச்சான் மகன் சி.ஏ. முடித்துவிட்டான், இனி அவனிடமே கொடுத்துவிடுகிறோம் என்று சொல்லி ஃபைலை வாங்கிப் போனார். இன்னொருவர் ஆள் அனுப்பினார். அந்த வருஷம் மட்டும் முப்பத்தொரு ஃபைல் போனது. இலாகாவிலிருந்து கடிதம் எதுவும் வரவில்லை. ஆனால் தபால்காரர் படியேறும் சத்தம் கேட்கும்போதெல்லாம் இன்றுவரை கை ஒரு கணம் நின்றுதான் போகிறது. ஹாலித் ஒருநாளும், நான் அப்போதே சொன்னேனே என்று சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

தீர்ப்பில் என் சாட்சியம் ஏற்கப்படவில்லை. அரசாங்கத்திடம் ஒரு வருமானத்தைச் சொல்லி உறுதியளித்த ஒருவர் சார்பில், இழப்பீட்டுக்காக மட்டும் வேறொரு வருமானத்தைச் சொல்ல அனுமதிக்க முடியாது, அதற்கு ஆதாரமான கணக்குப் புத்தகமும் இல்லை என்று எழுதியிருந்தார்கள். இரண்டு லட்சத்து நாற்பத்தாறாயிரம் என்பதே முடிவான வருமானம். நான் சொன்னதும் சொல்லாததும் ஒன்றுதான். ஒரே ஒரு வித்தியாசம். நான் போகாமல் இருந்திருந்தால் தீர்ப்பில் வெறும் தொகை மட்டும் இருந்திருக்கும். இப்போது அதற்கு மேலே ஒரு பத்தி இருந்தது. இறந்தவர் தன் வருமானத்தை அறிந்தே மறைத்தவர் என்பது அவருடைய தரப்புச் சாட்சியாலேயே தெளிவாகிறது என்று.

தீர்ப்பு நகலை யமுனாதான் என்னிடம் எடுத்து வந்தாள். அம்மா தொட்டியம் போயிருக்கிறார், பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்றாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. அந்தப் பக்கத்தைத் திறந்து, பென்சிலால் கோடு போட்டிருந்த பத்தியைக் காட்டினாள். ஆங்கிலத்தை அவள் நன்றாகவே புரிந்துகொண்டிருந்தாள்.

"எங்கப்பா பொய் சொன்னவர்னு எழுதியிருக்கு மேடம்."

அது வழக்கமான கோர்ட் பாஷை, அதற்கு அப்படி அர்த்தமில்லை என்று ஏதோ தொடங்கினேன்.

"நீங்கதானே ஆமான்னு சொன்னீங்க" என்றாள்.

அவள் குரலில் அழுகை இல்லை. ஒரு விடைத்தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நிற்பவள்போல் நின்றாள். எதற்காக அவ்வளவு கீழே இறக்கினோம் என்பதைச் சொல்ல எனக்கு நாக்கு வரை வந்தது. அந்த ஸ்காலர்ஷிப் வருஷாவருஷம் அவள் கணக்கில் ஏறிக்கொண்டுதான் இருந்தது, சில ஆயிரம் ரூபாய். அவளுக்காகத்தான் என்று சொன்னால் அப்பா பொய்யர் இல்லை என்று ஆகிவிடும். ஆனால் அந்த இருபத்தெட்டு லட்சத்துக்கும் எண்பது லட்சத்துக்கும் நடுவில் இருப்பது தான்தான் என்று பதினெட்டு வயதில் அவள் தெரிந்துகொள்வாள். அப்புறம் காலமெல்லாம் அதைத் தூக்கிக்கொண்டு திரிவாள். நான் வாயைத் திறக்கவில்லை. கோபம் என் மேலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அது சரியா தப்பா என்று இன்னும் எனக்குத் தெரியாது. அவள் நகலை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். செங்குத்துப் படி, கைப்பிடியைக்கூடப் பிடிக்கவில்லை.

செபஸ்தியான் மேல்முறையீடு செய்யலாம் என்றார். ஜோதி வேண்டாம் என்றுவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அவரே என்னிடம் வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வந்தார், இந்த ஆடியில்.

ஆடிக் காற்று ஜன்னல் கதவை அடித்துக்கொண்டிருந்த ஒரு முற்பகல். மேலே வந்து, வழக்கம்போல நிலையைப் பிடித்து நின்று மூச்சு வாங்கினார். ஆள் கறுத்து இளைத்திருந்தார். காலில் நடப்பதற்கென்றே வாங்கிய தடித்த ரப்பர் செருப்பு. தனக்கு ரிட்டர்ன் போட வேண்டும் என்றார். எனக்கு முதலில் புரியவில்லை. இழப்பீட்டுத் தொகைக்கான வட்டியைக் காட்ட வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் ஒரு நோட்டை மேசைமேல் வைத்தார்.

கலையரசனின் போன் நம்பரை அவர் நிறுத்தவே இல்லையாம். இறந்த செய்தி தெரியாமல் வீட்டுக்காரர்களும் வாடகைக்கு வீடு தேடுகிறவர்களும் அதற்குக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள். முதலில் ஒவ்வொருவரிடமும் அவர் இல்லை என்று சொல்லிச் சொல்லி அழுதிருக்கிறார். ஒருநாள் ஒருத்தர், கே.கே. நகரில் வீடு காலியாக இருக்கிறது, சாவி கொடுக்க ஆள் வேண்டும் என்றபோது, "சொல்லுங்க, நானே வரேன்" என்று சொல்லிவிட்டாராம். அப்படி ஆரம்பித்தது. மனை விற்கிற வேலைக்கெல்லாம் போவதில்லை, வாடகை வீடு மட்டும். பெண்கள் தனியாக வீடு தேடினால் இவரைத்தான் கூப்பிடுகிறார்கள். அதைச் சொல்லும்போது முகத்தில் லேசாக ஒரு பெருமை வந்து போனது. இவ்வளவு நாளில் நான் அவரிடம் பார்த்த முதல் வெளிச்சம் அதுதான்.

நோட்டில் தேதிவாரியாக வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம். பஸ் டிக்கெட், போன் ரீசார்ஜ், பூட்டு மாற்றியது, வீடு பெருக்க ஆள் வைத்தது. டிக்கெட்டுகளைக்கூட ஒட்டி வைத்திருந்தார். எல்லாம் போக ஒரு லட்சத்து எண்பதாயிரம் நின்றது. இந்த அளவுக்கு ரிட்டர்ன் போடவே தேவையில்லை, பிடித்த வரி எதுவும் இல்லையே என்றேன். போட வேண்டும் என்றார். பிறகு குரலைக் கொஞ்சம் இறக்கி, "இதைக் கொஞ்சம் கூட்டிப் போட முடியுமா மேடம்?" என்று கேட்டார்.

"லோன் எதுக்காவது கேக்கிறாங்களா?"

"இல்ல." முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "அவர் மாதிரி நானும் ரோட்லதான் திரியிறேன். நாளைக்கு எனக்கு ஒண்ணு ஆயிட்டா யமுனாவுக்குக் கணக்கு நல்லா இருக்கணும்ல. ஒரு ஆறு லட்சம்னு போடுங்க. வரி வந்தாக் கட்டிடறேன்."

வரி வராது. அவ்வளவு தொகைக்கு இப்போது ஒரு பைசாகூட வராது, சட்டம் மாறிவிட்டது. இதை அவரிடம் சொல்லவில்லை. அவர் என்னை பழகிய கடையில் வழக்கமான சாமானைக் கேட்பவரைப்போலப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுதினால் அது நிற்கும் என்று அவருக்குத் தெரியும். கோர்ட்டே சொல்லிவிட்டதே. உங்களுக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்ல நினைத்தேன். அதைச் சொல்ல நான் யார்? நோட்டை என் பக்கம் இழுத்து, முதலில் இருக்கிறதை ஏற்றுகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு, சித்திரை மாதத்திலிருந்து ஒவ்வொன்றாக வாசிக்கச் சொன்னேன். அவர் விரலை வரியின் மேல் வைத்து வாசித்தார். கருமண்டபத்தில் ஒரு வீடு, நாலாயிரம். உறையூரில் ஒரு மாடி போர்ஷன், மூவாயிரத்து ஐந்நூறு. வாசிக்கும்போது இடையிடையே, அந்த வீட்டில் தண்ணீர் உப்பு, அந்தப் பெண்ணுக்குக் கைக்குழந்தை என்று சொல்லிக்கொண்டே போனார்.

கார்த்திகை வரைக்கும் வந்திருந்தபோது அவர் போன் அடித்தது. ஸ்ரீரங்கத்தில் ஒரு வீடு பார்க்க ஆள் வந்து நிற்கிறார்களாம். நோட்டு இங்கேயே இருக்கட்டும், மீதியை நீங்களே பார்த்துப் போட்டுவிடுங்கள், நான் சொன்னதை மறந்துவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

அவர் இறங்கிப் போன பிறகு ஜன்னல் கதவைச் சாத்தப் போனேன். கீழே ஸ்ரீரங்கம் போகிற ஒன்றாம் நம்பர் பஸ் வந்து நின்றிருந்தது. தெருப் புழுதி முழுவதும் சுழன்று மேலே எழும்பிக்கொண்டிருந்தது. ஜோதி புடவைத் தலைப்பை இடுப்பில் செருகி, ஒரு கையால் கண்ணை மறைத்துக்கொண்டு சாலையைக் கடந்தார். நடுவில் ஒரு வேன் வேகமாக வந்தது. அவர் நின்று, அது போகும்வரை காத்திருந்து, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு மறுபடி நடந்தார். இன்னொரு கையில் யார் யாருடைய வீட்டுச் சாவிகளோ கொத்தாகத் தொங்கி ஆடின.